பி.எஃப். கணக்கில் கம்பெனி போட்ட பங்கு திரும்பிப் போகாது
ஆட்குறைப்பில் வேலை போனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் நம் பங்கு மட்டுமே கிடைக்கும், நிறுவனம் செலுத்தியது நிறுவனத்துக்கே போய்விடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. நிறுவனம் கட்டிய பங்கும் ஊழியர் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பணம்தான். பணிநீக்கத்தைக் காரணம் காட்டி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

குழப்பம் வருவது நியாயம்தான். நம் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனமும் 12 சதவீதம் கட்டுகிறது, ஆனால் பி.எஃப். பாஸ்புக்கில் அவர்கள் பங்கு குறைவாகத் தெரியும். அதில் ஒரு பகுதி (15,000 ரூபாய் சம்பள வரம்புக்குள் 8.33 சதவீதம்) ஓய்வூதியத் திட்டத்துக்குப் போவதுதான் காரணம்.

நீங்களே பார்த்துவிடலாம். யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) கொண்டு அரசின் உமங் செயலியிலோ, பி.எஃப். நிதியை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் தளத்திலோ பாஸ்புக்கைத் திறங்கள். ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியம் மூன்றும் தனித்தனியாக, மாதவாரியாக இருக்கும். சில பெரிய நிறுவனங்கள் பி.எஃப். பணத்தை நிர்வகிக்கச் சொந்த டிரஸ்ட் (அறக்கட்டளை) வைத்திருக்கும். அங்கே டிரஸ்டிடம் கணக்கு விவரம் கேளுங்கள்.

வெளியே அனுப்பும் நாளிலேயே மனிதவளத் துறை இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். போகிறவர்களுக்கும் நிம்மதி, இருக்கிறவர்களிடம் வீண் பயமும் பரவாது.