கள்ள உபதேசம் என்று சொல்லுமுன்

போன வாரம் எங்கள் வேதபாடக் குழுவில் ஒரு தம்பியை வெளியே அனுப்பச் சொல்லி ஒருவர் எழுந்து நின்றார். தம்பி செய்த குற்றம் இதுதான்: இரகசிய வருகை (கிறிஸ்து தம்முடையவர்களை வானத்துக்கு எடுத்துக்கொள்ளும் வருகை) கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்னால் நடக்காது, சபையும் அந்த உபத்திரவத்துக்குள் போகத்தான் செய்யும் என்று நம்புகிறார். கேட்டவர்களிடம் மறைக்காமல் சொல்லியும் விட்டார். "இது கள்ள உபதேசம் பிரதர். இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு எதை விடுவோம்?" என்று கேட்டார் எழுந்து நின்றவர்.

தம்பியின் கணக்கு எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் 'கள்ள உபதேசம்' என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. காரணம், நானும் ஒரு காலத்தில் அதைக் கல் மாதிரி கையில் வைத்துக்கொண்டு திரிந்தவன். இருபத்து மூன்று வயதில், இரட்சிப்பை இழந்துபோக முடியுமா முடியாதா என்ற வாக்குவாதத்தில் ஒரு நண்பனைப் பார்த்து, "நீ நம்புவது வேறொரு சுவிசேஷம்" என்று சொன்னேன். அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் அவன் எந்தச் சபைக்கும் போகவில்லை. அந்த வாக்குவாதத்தில் ஜெயித்தது நான்தான் என்று வேறு அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கிரேக்கத்தில் 'ஹைரெசிஸ்' என்று ஒரே சொல்தான். அப்போஸ்தலர் 5:17ல் அது வெறும் 'சமயத்தினர்'. சதுசேயர் என்கிற ஒரு கட்சி, அவ்வளவுதான். 24:14ல் பவுல் தேசாதிபதிக்கு முன்னால் நின்று, "இவர்கள் மதபேதம் என்று சொல்லுகிற மார்க்கத்தின்படியே" ஆராதிக்கிறேன் என்கிறார். கொரிந்தியருக்கும் கலாத்தியருக்கும் எழுதும் இடங்களில் அதே சொல் 'மார்க்கபேதங்கள்' ஆகிறது. 2 பேதுரு 2:1க்கு வரும்போது 'வேதப்புரட்டுகள்'. ஒரே சொல்லுக்குள் கட்சியும் இருக்கிறது, பிளவும் இருக்கிறது, நஞ்சும் இருக்கிறது. எந்த இடத்தில் எது என்று மொழிபெயர்த்தவர்கள் நின்று யோசித்திருக்கிறார்கள். நாம் யோசிப்பதில்லை, எல்லாவற்றுக்கும் கடைசிச் சொல்லையே எடுக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளில் இந்தச் சொல்லால் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர் பவுல் என்பதும் நமக்கு உறைப்பதில்லை.

எனக்கு இதில் வெளிச்சம் கொடுத்தவர் ஒரு கிழவர், சிமிர்னா சபையின் மூப்பர் பொலிக்கார்ப். சுமார் 155ல் அவர் ரோமாபுரிக்குப் போகிறார். பஸ்காவை (இன்றைய ஈஸ்டர்) எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் ஆசியாவின் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) சபைகளுக்கும் ரோமச் சபைக்கும் தகராறு. ஆசியச் சபைகளுக்கு யூத நாள்காட்டியின் நிசான் மாதம் 14ம் தேதி, அது எந்தக் கிழமையில் வந்தாலும் சரி. ரோமச் சபைக்கு ஞாயிறுதான். பொலிக்கார்ப், "யோவானோடு இருந்து கற்றுக்கொண்டதை விடமாட்டேன்" என்கிறார். ரோமாபுரிச் சபைத் தலைவர் அனிசேத்துஸ், "எனக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை விடமாட்டேன்" என்கிறார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அனிசேத்துஸ் தன் சபையிலேயே திருவிருந்தை நடத்தும் கனத்தைப் பொலிக்கார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார். சமாதானமாய்ப் பிரிந்தார்கள்.

அடடா, எவ்வளவு சாந்தமான மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். இதே பொலிக்கார்ப் ஒருநாள் மார்சியோனை நேருக்கு நேர் சந்தித்தார். "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டான் மார்சியோன். "தெரிகிறதே, சாத்தானின் தலைச்சன்பிள்ளை" என்றார் கிழவர்.

பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்தவன் மார்சியோன். லூக்காவின் சுவிசேஷத்தைக் கத்தரித்து, பவுலின் பத்து நிருபங்களோடு சேர்த்து, அதுதான் வேதம் என்றான். அவனை வெளியேற்றியபோது ரோமச் சபை அவன் கொடுத்திருந்த 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) காணிக்கையையும் திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். (கள்ள உபதேசம் என்று இன்றைக்குக் கத்துகிறவர்களில் எத்தனை பேர் காணிக்கையைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.)

இந்த இரண்டு கதைகளையும் நமக்குச் சொல்லிவைத்தவரும் ஒருவரே: லியோன் சபையின் ஐரேனியுஸ். வேதப்புரட்டுகளை எதிர்த்து ஐந்து புத்தகம் எழுதியவர். சுமார் 190ல் ரோமாபுரிச் சபைத் தலைவர் விக்டர், பஸ்கா தேதிக்காக ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து தள்ளிவிட முயன்றபோது, வேண்டாம் என்று கடிதம் எழுதித் தடுத்தவரும் இவர்தான். பஸ்காவுக்கு முந்தின உபவாசத்தில் நமக்குள்ள வித்தியாசமே விசுவாசத்தில் நாம் ஒன்று என்பதை உறுதிப்படுத்துகிறது என்கிற பொருளில் எழுதினார். வேதப்புரட்டை அவரைவிடத் தெரிந்தவர் அந்தத் தலைமுறையில் யார்? அப்படிப்பட்டவர் தேதியை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்படியானால் எதைக் கணக்கில் சேர்ப்பது? "வேதத்துக்கு விரோதமான எதுவும்" என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் தன் கருத்து வேதத்துக்கு விரோதம் என்று எவன் ஒத்துக்கொள்கிறான்? குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த நான்காம் நூற்றாண்டின் ஆரியுஸும் நீதிமொழிகள் 8ம் அதிகாரத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் பேசினார்.

பவுலைப் பாருங்கள். தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுகிறார். தீத்துவுக்குப் பண்ண ஒரு நாழிகைகூட இணங்க மறுக்கிறார். அதே கத்தி, அதே சடங்கு! முதல் இடத்தில் அது ஊழியத்துக்கான ஒரு வசதி. இரண்டாவது இடத்தில் சிலர், "இது இல்லாவிட்டால் இரட்சிப்பு இல்லை" என்றார்கள். அங்கேதான், வானத்திலிருந்து வருகிற தூதனே வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் "அவன் சபிக்கப்பட்டவனாயிருக்கக்கடவன்" என்கிறார். நாள் பார்ப்பதையும் மரக்கறி தின்பதையும் ரோமர் 14ல் அவனவன் மனச்சாட்சிக்கு விட்டுவிட்ட அதே மனுஷன்தான் இவர்.

என் வாதம் இதுதான். வேதப்புரட்டு கழித்தலால் மட்டும் வருவதில்லை, கூட்டலாலும் வரும். கலாத்தியாவில் கிறிஸ்துவை யாரும் மறுக்கவில்லை. கிறிஸ்துவோடு ஒன்றைச் சேர்த்தார்கள். இரகசிய வருகை முன்னதாகவா பின்னதாகவா என்பது கருத்து வேறுபாடு. "முன்னதாக என்று நம்பாதவன் இரட்சிக்கப்படவில்லை" என்பது கருத்து வேறுபாடு அல்ல. அப்படிச் சொல்கிறவர், தான் காவல் காக்கிற கோட்டைத் தானே தாண்டிவிட்டார். முழுக்கு ஞானஸ்நானம், அந்நியபாஷை, ஓய்வுநாள் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன். இருபத்து மூன்று வயதில் நான் செய்ததற்கும் சேர்த்துத்தான்.

வருகையைப் பற்றியே இரண்டாம் நூற்றாண்டின் யுஸ்தீன் ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறார். திரிபோ என்ற யூதரோடு உரையாடும் நூலில், எருசலேமில் கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சி நிச்சயம் வரும் என்கிறார். உடனேயே, தூய்மையும் பக்தியும் உள்ள கிறிஸ்தவர்களில் பலர் அப்படி நினைப்பதில்லை என்றும் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதே இடத்தில், மரித்தோரின் உயிர்த்தெழுதலே கிடையாது என்கிறவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றே எண்ணாதே என்கிறார். ஒரே மூச்சில் இரண்டும். உயிர்த்தெழுதல் இல்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை. ஆயிரம் வருஷக் கணக்கு பிசகினால் ஒருவரின் கணக்கு பிசகும், அவ்வளவே.

கழித்தலுக்கு உதாரணம் ஆரியுஸ். ஒழுக்கக்கேடன் அல்ல, பக்தியுள்ள மூப்பர் என்று பெயர் எடுத்தவர். குமாரன் எவ்வளவு உயர்ந்தவராயிருந்தாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றார். 325ல் நிக்கேயாவில் கூடிய சங்கத்தில் சபை இதை ஏன் தாங்கிக்கொள்ளவில்லை? ஆரியுஸை எதிர்த்து நின்ற அலெக்சந்திரியாவின் அத்தனாசியுஸின் வாதம் எளிமையானது. படைக்கப்பட்டவர் என்றால் நாம் இத்தனை நாளும் சிருஷ்டியை வணங்கியிருக்கிறோம். சிருஷ்டி இன்னொரு சிருஷ்டியைத் தேவனோடு சேர்க்கவும் முடியாது. ஆராதனை, இரட்சிப்பு இரண்டும் ஒரே அடியில் விழுந்துவிடுகின்றன. மைய உபதேசம் எது என்று தெரிய வேண்டுமானால் நான் இதைத்தான் கேட்பேன்: இந்தச் செங்கல்லை உருவினால் எது சரிகிறது?

இதற்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட அத்தனாசியுஸே, பிற்காலத்தில், நிக்கேயாவின் மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு குமாரன் பிதாவோடு 'ஒரே தன்மையுடையவர்' என்ற சொல்லில் மட்டும் தயங்குகிறவர்களை விரோதிகளாக நடத்தாதீர்கள், நாம் சொல்வதைத்தான் சொல்கிறார்கள், சொல்லில்தான் சண்டை, சகோதரர் சகோதரரோடு பேசுவதுபோல் பேசுவோம் என்று எழுதினார். 362ல் அலெக்சந்திரியாவில் கூடிய சங்கத்தில் ஒரு தரப்பு தேவனில் மூன்று ஹிபோஸ்தாசிஸ் ('ஆள்' என்றும் 'சாரம்' என்றும் பொருள் கொள்ளக்கூடிய கிரேக்கச் சொல்) என்றது, மறுதரப்பு ஒன்றே என்றது. அந்தச் சொல்லால் என்ன அர்த்தம் கொள்கிறீர்கள் என்று இரு தரப்பையும் கேட்டார்கள். இருவரும் ஒரே விசுவாசத்தையே சொல்கிறார்கள் என்று தெரிந்தது. கேட்டார்கள் பாருங்கள், அதுதான் பெரிய காரியம்.

கேட்காமல் போனதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும் மனுஷத்தன்மையையும் எப்படிச் சொல்வது என்பதில் 451ல் கல்கெதோன் சங்கத்தோடு பிரிந்த எகிப்தியச் சபையும் ரோமச் சபையும் பதினைந்து நூற்றாண்டுகள் ஒருவரையொருவர் புரட்டர் என்றன. 1973ல் போப் ஆறாம் பவுலும் கோப்து (எகிப்திய) சபையின் மூன்றாம் ஷெனூதாவும் கிறிஸ்துவைப் பற்றி ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1527ல் சூரிக் நகரத்தில் பெலிக்ஸ் மான்ஸை ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். திரித்துவத்தையோ கிருபையையோ அவர் மறுக்கவில்லை. விசுவாசித்தவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார். தண்ணீரில் செய்த குற்றத்துக்குத் தண்ணீரிலேயே தண்டனை. இன்றைக்கு அந்த இரு தரப்பின் வாரிசுகளும் ஒரே மேடையில் நின்று ஜெபிக்கிறார்கள்.

யார் தீர்மானிப்பது என்று கேட்பீர்கள். அதற்குள் விரிவாகப் போகவில்லை. சபைகள் பிரிவதே பெரும்பாலும் அங்கேதான். கத்தோலிக்கருக்குச் சபை வரையறுத்த கோட்பாடுகள் எல்லாமே அந்த வட்டத்துக்குள் வரும், மரியாளின் விண்ணேற்பு உட்பட. சீர்திருத்த சபைகளின் வட்டம் சிறியது. ஆனால் இரு பக்கமும் ஒத்துப்போகிற ஒன்று உண்டு: தவறாக நம்புவதாலேயே ஒருவன் புரட்டன் ஆகிவிடுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 'பிடிவாதமான மறுப்பு' என்கிறது. தீத்து 3:10, "இரண்டொருதரம் புத்திசொன்னபின்பு" என்கிறது. அப்பொல்லோ அரைகுறையாகப் பிரசங்கித்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் என்ன செய்தார்கள்? 'அவனைச் சேர்த்துக்கொண்டு' அதிக திட்டமாய் விவரித்தார்கள். சேர்த்துக்கொண்டது முதலில்.

("அத்தியாவசியமானவற்றில் ஒற்றுமை, மற்றவற்றில் சுதந்தரம், எல்லாவற்றிலும் அன்பு" என்று அகஸ்தீன் படத்தோடு ஒரு பதிவு சுற்றுகிறது. அது அகஸ்தீன் சொன்னதல்ல, 17ம் நூற்றாண்டுச் சொல். நல்ல சொல்தான். எது அத்தியாவசியம் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.)

எனக்கு இன்னும் இடறலாய் இருப்பது வேறு ஒன்று. விசுவாசப் பிரமாணத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டே ஒருவர் சுவிசேஷத்தைப் புரட்ட முடியும். 1982ல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு, தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கலுக்கு வேதத்திலிருந்து நியாயம் சொல்வதை வேதப்புரட்டு என்றே அறிவித்தது. அந்தச் சபைகள் திரித்துவத்தை மறுத்ததா? இல்லை. ஆனால் ஒரே திருவிருந்தில் யார் யாரோடு உட்காரலாம் என்பதற்குத் தோலின் நிறத்தை நிபந்தனையாக்கின. அந்தியோகியாவில் பேதுரு செய்ததும் இதுதான். ஒரு உபதேசத்தையும் மாற்றவில்லை, பந்தியிலிருந்து எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதைப் பவுல், "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாதது" என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். நம்மில் பலர் வருகையின் கால அட்டவணைக்குக் காட்டும் வைராக்கியத்தில் பாதியைப் பந்திக்குக் காட்டினதில்லை.

விசுவாசித்தால் பணமும் சுகமும் நிச்சயம் என்கிற செழிப்பு உபதேசத்தையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். "உனக்கு வியாதி தீரவில்லையா, உன் விசுவாசம் போதாது" என்று படுக்கையில் கிடக்கிறவளிடம் சொல்வது கூட்டல்தான். இதை வெறும் கருத்து வேறுபாடு என்று சொல்லும் போதகர்களையும் எனக்குத் தெரியும், அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தம்பியை வெளியே அனுப்பவில்லை. "உயிர்த்தெழுந்த கிறிஸ்து வருவார் என்று நம்புகிறாயா?" என்று குழுவின் மூத்த அக்கா கேட்டார். "ஆமாம் அக்கா" என்றார் தம்பி. "சரி, உட்காரு" என்றார். எழுந்து நின்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் கடைசி ஜெபம் வரை இருந்தார். அடுத்த மாதம் வெளிப்படுத்தல் 20ம் அதிகாரம் வருகிறது. தம்பியின் கணக்கு எங்கே தப்புகிறது என்று இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.