ஹௌரா பாலத்தடியில் ஒரு தோவாளை

ஜனவரியில் நாங்கள் நான்கு பேர் கொல்கத்தா போய்வந்தோம். நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற மகன், 68 வயது அம்மா. கன்னியாகுமரியில் இருந்து வாரம் ஒருமுறை ஹௌராவுக்கு நேர் ரயில் உண்டு, அதில்தான் போனோம். திரும்பி வந்த நாளில் இருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் ஒன்றையே கேட்கிறார்கள். "ஒரே ஒரு நாளுக்கு கைடுக்கு 6,000 ரூபாயா கொடுத்தீர்கள்?"

ஆமாம், கொடுத்தோம். கார் வாடகையும் சேர்த்து. அந்த 6,000 ரூபாயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் டெல்லிக் கதை. நான்கு வருடம் முன்பு ஒரு பேக்கேஜ் டூரில் போனோம். ஒரே நாளில் ஏழு இடம். குதுப் மினாருக்கு 25 நிமிடம் கொடுத்தார்கள். அந்த வளாகத்துக்குள் 1,600 வருடங்களாகத் துருப்பிடிக்காமல் நிற்கிற இரும்புத் தூண் இருக்கிறது அல்லவா, அதன் முன்னால் நின்று நாங்கள் படம் எடுத்திருக்கிறோம். அது என்ன தூண் என்று அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து, மகன் தன் பாடப்புத்தகத்தையும் எங்கள் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அதே நாளில் ஒரு சேலைக் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். டெல்லி எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் அம்மா சொன்ன பதில்: "பஸ்ஸுக்குள்ளதான் இருந்தோம் மக்களே."

அந்த வருத்தம் எனக்குள் கிடந்தது. அம்மாவுக்கு இனி எத்தனை பயணம் வாய்க்கும்? அதனால் இந்தத் தடவை, கூட வேலை பார்க்கும் ஒருவர் மூலமாக, எங்களுக்கு மட்டும் என்று ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு வங்காளிப் பெண். முந்தின நாள் ராத்திரி போன் செய்தார். எந்த இடமெல்லாம் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அம்மாவால் படி ஏற முடியுமா, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை வேண்டும், மீன் சாப்பிடுவாரா, கடுகெண்ணெய் ஒத்துக்கொள்ளுமா, பையனுக்கு எதில் ஆர்வம் என்று கேட்டார். கடைசியில், "நீங்கள் எந்த ஊர், அங்கே என்ன விளையும்?" என்றும் கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று மறுநாள் காலையில்தான் புரிந்தது.

காலை ஆறு மணிக்கு எங்களை அவர் முதலில் கூட்டிப்போனது விக்டோரியா நினைவகத்துக்கு இல்லை. ஹௌரா பாலத்தின் அடியில், ஹூக்ளிக் கரையில் இருக்கிற மல்லிக் காட் பூச்சந்தைக்கு. பனிமூட்டத்துக்குள் தலைச்சுமையாக ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கேந்திச் சரங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. ஒரு பக்கம் முழுக்கச் செம்பருத்தி மாலை. காளிக்கு அதுதான் விசேஷமாம். நம் பக்கத்தில் வேலியோரம் பூத்து உதிர்கிற செம்பருத்தியை அங்கே நூற்றுக்கணக்கில் கோத்துக் குவித்திருக்கிறார்கள். அம்மா ஒரு சரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார், கட்டு எப்படி என்று இழுத்துப் பார்த்தார், விலை கேட்கச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது நம்ம தோவாளை மக்களே" என்றார்.

வழிகாட்டிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். தோவாளை என்றால் என்ன என்று கேட்டார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் பூச்சந்தை ஊர் என்றேன். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் நொச்சி இலையோடு மடித்து மடித்து, ரத்தினம் பதித்த மாதிரி கட்டுகிற மாணிக்க மாலையைப் பற்றி அம்மா விரலாலேயே மடித்துக் காட்டினார். பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த கிழவர் வேலையை நிறுத்திவிட்டு அம்மாவின் விரல்களைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொது மொழி கிடையாது.

பிறகு வழிகாட்டி எங்களைப் பாலத்தை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். 1943-ல் திறந்தது. 26,500 டன் உருக்கு. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல், 457 மீட்டர் தூரத்தை ஒரே தாவாகத் தாண்டி நிற்கிறது. நட்டு, போல்ட்டு போடாமல் ரிவெட் அடித்தே இணைத்தது. போர்க்காலம் என்பதால் திறப்பு விழாகூடப் பெரிதாக நடக்கவில்லையாம். இதெல்லாம் போனிலும் கிடைக்கும். ஆனால் அவர் மகனைத் தூணின் அடிப்பகுதிக்குக் கூட்டிப்போய், அங்கே சுற்றியிருக்கிற ஃபைபர் உறையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். போகிற வருகிறவர்கள் துப்பிய வெற்றிலை எச்சில் இரும்பை அரித்துவிட்டதாம், அதைத் தடுக்கத்தான் அந்த உறை. மகன் இன்றுவரை அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். டன் கணக்கு அவனுக்கு மறந்துபோயிற்று.

அடுத்து குமார்துலி. மண்சிலை செய்கிறவர்களின் தெரு. சரஸ்வதி பூஜை வரப்போகிற நேரம் என்பதால் சந்து முழுக்க சரஸ்வதிகள். தலை இல்லாத சரஸ்வதி, வைக்கோல் மட்டும் கட்டிய சரஸ்வதி, மண் பூசிக் காய்கிற சரஸ்வதி. பட்டறைக்குள் நுழையும் முன் அவர் வாசலில் நின்று அனுமதி கேட்டார். மகன் போனைத் தூக்கியபோது, "அவர் கண் வரைந்து முடிக்கட்டும்" என்று மெதுவாகத் தடுத்தார். துர்க்கை சிலைக்கு எடுக்கிற மண்ணில் பாலியல் தொழிலாளர்களின் வாசல் மண்ணும் ஒரு பிடி சேர வேண்டும் என்கிற பழைய வழக்கத்தைப் பற்றியும் சொன்னார். அவர்களின் தெரு அங்கிருந்து தூரம் இல்லை. பையன் இருக்கிறானே என்று அவர் அதை மறைக்கவும் இல்லை, கிசுகிசுப்பாகவும் சொல்லவில்லை. யாருடைய வாசலை ஊர் ஒதுக்குகிறதோ அந்த வாசல் மண் இல்லாமல் அம்மன் முழுமை ஆவதில்லை என்று, ஒரு மரியாதையோடு சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சின்ன இடம். முந்தின நாள் போனில் எங்கள் ஊரில் தென்னை உண்டு, தேங்காய் அரைக்காமல் குழம்பே இல்லை என்று நான் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்து அவர் சொன்னது சிங்ரி மலாய் கறி. தேங்காய்ப்பாலில் இறால். கூடவே, குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஈச்சம்பனை வெல்லத்தில் செய்த இனிப்பு. அம்மா வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு "கருப்பட்டிக்குத் தங்கச்சி" என்றார். எந்த ஊருக்குப் போனாலும் சாப்பாடு இறங்காத என் அம்மா அன்று இரண்டாவது தடவை சோறு வாங்கினார்.

விக்டோரியா நினைவகம், டிராம், கல்லூரித் தெருவின் புத்தகக் கடைகள் எல்லாம் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எனக்கு அந்த நாள் என்றால் கௌர்மோகன் முகர்ஜி தெருவில் இருக்கிற விவேகானந்தர் பிறந்த வீடுதான்.

1863 ஜனவரி 12-ல் அவர் பிறந்த அந்த வீட்டை ராமகிருஷ்ண மிஷன் புதுப்பித்து 2004-ல் திறந்திருக்கிறார்கள். உள்ளே நடந்துகொண்டே, சின்ன வயதில் நரேன் என்று அழைக்கப்பட்ட விவேகானந்தர் எப்படி இருந்தார் என்று வழிகாட்டி சொல்லிவந்தார். 1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் தியானம் செய்த இடத்துக்குக் கதை வந்தபோது, அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். "அத நான் சொல்லட்டா?"

அம்மா பிறந்தது கன்னியாகுமரிக்குப் பக்கத்து ஊரான கொட்டாரத்தில். தாத்தாவுக்கு முக்கடல் கரையில் ஒரு சின்னக் கடை. அறுபதுகளில் பாறை மேல் மண்டபம் எழும்பிய காலத்தில் அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கடைக்குப் போகிற நாளெல்லாம் கரையில் கல் கொத்துகிற சத்தம் கேட்குமாம். கொத்தி முடித்த கல்லைக் கடலுக்குள் கொண்டுபோவதைப் பார்க்கக் கூட்டம் நிற்குமாம். எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், பார்க்கப் பக்கமாகத் தெரிந்தாலும் அந்த இடைக்கடல் எப்படிப்பட்டது, படகுக்குக் காசு இல்லாமல் சாமி நீந்திப்போனார் என்று சொல்கிறார்களே, அது லேசான காரியமா என்றெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். 1970-ல் மண்டபம் திறந்தபோது தாத்தா கடையில் இருந்த கூட்டத்தையும் சொன்னார்.

அந்தப் பெண் பையில் இருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "மாஷிமா, எட்டு வருடமாக இந்த வீட்டுக்கு ஆட்களைக் கூட்டி வருகிறேன். அந்தப் பாறையில் கல் ஏறியதைக் கண்ணால் பார்த்த ஒருவர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன்" என்றார்.

நான் நாற்பத்து மூன்று வருடம் அம்மாவோடு இருக்கிறேன். எனக்கே அதில் பாதி தெரியாது. நான் கேட்டதில்லை.

ரயிலில் திரும்பும் வழியெல்லாம் எனக்கு இதே நினைப்புதான். நம் ஊருக்கு வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? விடியும் முன்னே பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். சூரிய உதயம், படகு, பாறை, வள்ளுவர் சிலை, இப்போது 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். சிப்பி மாலை வாங்குகிறார்கள், மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். காவல்கிணற்றில் இருந்து நாகர்கோவில் சாலையில் திரும்பினால் தோவாளை. அதிகாலையில் அங்கே ஓர் அரை மணி நேரம் நிறுத்தி, ஓணத்துக்குக் கேரளாவுக்கு இங்கிருந்தும் பூ போகிறது என்று சொல்ல ஆள் இல்லை. குமார்துலியை வாய்பிளந்து பார்த்தேனே, நம் மயிலாடியில் தலைமுறை தலைமுறையாகக் கருங்கல்லில் சாமி செதுக்குகிறார்கள். அந்தத் தெருவில் யாரையாவது நிறுத்திக் காட்டியிருக்கிறோமா?

உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-ல் இங்கேயே மண்ணானவர். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கும். இந்தக் கதையை நின்று சொல்ல ஒருவர் இருந்தால் எந்தப் பிள்ளை கேட்காது? மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்து படம் எடுத்துத் திரும்புகிறவர்களிடம், 115 அடி உயரத்தில் ஒரு மலையில் இருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் போக 1966-ல் கட்டியது இது, இதனால் எந்த வயல் விளைந்தது என்று யார் சொல்கிறார்கள்?

சொல்ல ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பத்மநாபபுரம் அரண்மனையே சாட்சி. அங்கே அறைக்கு அறை நிற்கிற ஊழியர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஆறாம் வகுப்பில் போனபோது ஒருவர், கண்ணாடி மாதிரி மின்னுகிற கருந்தரையைக் காட்டி, சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்தது என்று சொன்னார். இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரட்டையைக் கரித்துப் பார்த்து அடி வாங்கியதும் மறக்கவில்லை.

"யூடியூபில் எல்லாம் இருக்கிறதே" என்று என் தம்பியே சொன்னான். இருக்கிறது. ஆனால் யூடியூப் என் அம்மாவுக்காக நடையை மெதுவாக்குமா? கண் வரைகிற கலைஞருக்கு முன்னால் போனை இறக்கு என்று சொல்லுமா? அம்மா பேச ஆரம்பித்ததும் தான் பேசுவதை நிறுத்துமா? அந்தப் பெண் அன்று நிறுத்தினார்.

எல்லா வழிகாட்டியும் இப்படி இல்லை, தெரியும். கமிஷன் கடைக்குக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு, வாய்க்கு வந்ததைச் சரித்திரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதனால் பணம் கொடுக்கும் முன் பேசிவிடுங்கள். கடைக்குப் போக மாட்டோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் இடங்களின் பட்டியலை மட்டும் அனுப்புகிறவர் வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கு இடத்துக்கு மேல் சொன்னால் யோசியுங்கள்.

நம் மாவட்டத்தில் வரலாறும் தமிழும் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகம் இதற்கு இணையத்திலேயே பயிற்சி வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. அதைப் படியுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் தெருவில் இருக்கிற பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். பூக்கட்டுகிறவர், கல் கொத்துகிறவர், கட்டுமரம் ஏறினவர், பனை ஏறினவர் எல்லாரும் இருக்கிறார்கள். ஊரில் இருக்கிற நாமும், வெளியூர் சொந்தங்கள் வரும்போது ஹோட்டலுக்குச் செலவழிக்கிறதில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். சும்மா காட்டு என்றால் யார் வருவார்கள்?

அந்த வங்காளிப் பெண் டிசம்பரில் கன்னியாகுமரி வருகிறார். வீட்டில் இப்போதே ஏற்பாடு நடக்கிறது. காலை ஐந்தரைக்குத் தோவாளை, அங்கே பெரியம்மா வீட்டில் காப்பி, அப்புறம் மயிலாடி, சாயங்காலம்தான் பாறை என்று அம்மா வரிசை போட்டுவிட்டார். அவருக்கு நம் ஊர்க் காரம் ஒத்துக்கொள்ளுமா, தேங்காயெண்ணெய்ச் சமையல் சாப்பிடுவாரா, வெயிலில் எவ்வளவு தூரம் நடப்பார் என்று கேட்டுச் சொல்லும்படி அம்மா நேற்றும் எனக்கு நினைவுபடுத்தினார்.