இன்னும் ஒரு சவாலா?

எங்கள் தையல் குழு அக்காமாருக்கு மாதம் ஒரு சவால் இல்லாவிட்டால் சோறு இறங்காது. போன மாதம் பழைய சாரத்தில் பை. சரி, தைத்தேன். இந்த மாதம் திருகோணமலை பிரட்ரிக் கோட்டை மானைத் துணியில் பூவேலையாகத் தைக்கவேண்டுமாம். புள்ளிமானாம்! ஒவ்வொரு புள்ளியும் பிரெஞ்சு முடிச்சாம், அதாவது நூலை ஊசியில் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு! 6 இழை நூலைப் பிரித்து, 2 இழையை ஊசியில் கோத்து, சுற்றிக் குத்தினால் முடிச்சு துணிக்குள்ளேயே போய்விடுகிறது. 40 புள்ளி போட்டேன், 11தான் மிச்சம். மானா அது, சொறி பிடித்த ஆடா? "விளையாட்டுக்குத்தானே தங்கச்சி" என்கிறார்கள். விளையாட்டுக்கு எதற்குக் கடைசித் திகதி? உண்மையான மான் கோட்டை வாசலில் சொப்பின் பை மென்றுகொண்டு நிம்மதியாக நிற்கிறது. அடுத்த மாதம் கோணேசர் கோயில் கோபுரமாம். அதுவும் உள்ளங்கை அளவில்!