சோதனைக்குக் காசு வாங்கினார்கள், சோதிக்கவே இல்லை

ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் எட்டு, ஸ்பார்க் ப்ளக் எட்டு, ஆக்சிஜன் சென்சார் இரண்டு. கூலியோடு சேர்த்து 1,640 டாலர். இத்தனையும் மாற்றிய பிறகும் சிக்னலில் நிறுத்தினால் வண்டி குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறிக்கொண்டே இருந்தது. மூன்று வாரமாக மனதுக்குள் கொதித்துக்கொண்டிருந்ததை இன்று கொட்டிவிடுகிறேன்.

வண்டி 2001 ஃபோர்டு எஃப்-150 பிக்கப். 5.4 லிட்டர் ட்ரைட்டன் வி8, பெட்ரோல். ஹூஸ்டன் வெயிலில் 2,10,000 மைல் ஓடியிருக்கிறது. தெரிந்தவர்கள் யார் வீடு மாறினாலும் சோபாவும் கட்டிலும் இதில்தான் போகும். வண்டியை நான் குறை சொல்லவில்லை. இத்தனை வருஷம் உழைத்த வண்டியில் ஏதாவது ஒன்று இற்றுப்போவது இயல்பு. என் கோபமெல்லாம் அதைப் பார்க்கிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு பார்க்காமல் விட்டவர்கள்மேல்தான்.

கோளாறு இதுதான். டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்து நின்றால், 700 பக்கம் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் 500க்கு இறங்கும், திடீரென்று ஏறும், மறுபடி இறங்கும். ஸ்டியரிங் கையில் நடுங்கும். கண்ணாடியில் பின்னால் நிற்கும் காரின் ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறி 65 மைல் வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் இருக்காது, வெண்ணெய் மாதிரி ஓடும். நிற்கும்போது உதறுகிறது, ஓடும்போது சரியாகிவிடுகிறது. பாதி நோயை இந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. இதை முதல் ஒர்க்‌ஷாப்பில் நான் வாயால் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

சோதனைக் கட்டணம் 140 டாலர். என் கண்முன்னால்தான் நடந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார்கள், மூன்று எரர் கோடு, அதாவது கோளாறு எண், வந்தது, கழற்றினார்கள். இரண்டே நிமிஷம். பானெட்டைத் திறக்கவில்லை. பி0171, பி0174, பி0300. "மிஸ்ஃபயர் காட்டுது, காயில், ப்ளக் எல்லாம் மாத்தணும்." மாற்றினோம். நாலாம் நாள் செக் என்ஜின் விளக்கு மறுபடி எரிந்தது.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் அதே கோடுகளைப் பார்த்துவிட்டு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் கெட்டுவிட்டது என்றார்கள். அதையும் மாற்றினேன். உதறல் அப்படியே இருந்தது. அப்புறம் டேங்க்கை இறக்கி பெட்ரோல் பம்ப் மாற்ற வேண்டும், 900 டாலர் ஆகும் என்றார்கள். அன்றைக்குத்தான் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் கோடு என்ன சொல்கிறது தெரியுமா? பி0171 என்றால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டரில் கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0174 என்றால் அடுத்த பக்கத்திலும் அதே கதை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே புகார் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணத்தைத் தேட வேண்டாமா? இரண்டு சென்சாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் கெட்டுப்போகுமா? சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. காற்று அதிகம் என்று கத்திச் சொன்னது. கத்தியவனையே பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். கலவை அவ்வளவு லீனாக இருந்தால் பற்றாமல் மிஸ் அடிக்கத்தான் செய்யும். பி0300 என்ற மிஸ்ஃபயர் கோடு அதனால் வந்தது. காயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்று ராத்திரி 30 டாலர் ஸ்கேனர் ஒன்றை போனோடு இணைத்து வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். எரர் கோடுகளை ஒதுக்கிவிட்டு ஃப்யூவல் ட்ரிம்மைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது என்கிற கணக்கு அது. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, இரண்டு பக்கமும் 22 சதவீதம் கூடுதல். ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினேன். 4 சதவீதத்துக்கு இறங்கியது.

பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் இது தலைகீழாக இருக்கும். என்ஜின் அதிகம் கேட்கக் கேட்கப் பற்றாக்குறைதான் கூடும். இங்கே வேகம் கூடினால் நோய் குறைகிறது. அப்படியென்றால் ஏர் லீக். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி, அதன் கண்ணில் படாமல் எங்கேயோ காற்று புகுந்துகொண்டிருக்கிறது. ஐட்லிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ஓடும்போது இழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற எல்லா பெட்ரோல் காரிலும், என் வண்டி மாதிரி பிக்கப்பிலும் இந்தக் கணக்கைப் பார்க்க முடியும். அவர்கள் கையில் இருந்த ஸ்கேனரிலும் இருந்தது. பார்க்க மனசு இல்லை.

மறுநாள் காலை, என்ஜின் சூடாவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து, என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் கையை விட்டேன். அங்கே, என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப எரிக்க அனுப்பும் பிசிவி குழாயில் வளைவான ரப்பர் துண்டு ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் புதிது போலத்தான் தெரிந்தது. அடிப்பக்கத்தைத் தடவினால், வருஷக்கணக்காக எண்ணெய் ஆவி பட்டு ஊறிய அப்பளம் மாதிரி கொழகொழவென்று இருந்தது. விரல் உள்ளேயே போய்விட்டது. என்ஜினை ஓடவிட்டு அந்த ஓட்டையைக் கட்டை விரலால் அழுத்தினேன். உஸ்ஸென்று வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. உதறல் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி உதறியது. வைத்தேன், அடங்கியது. சந்தோஷப்படத்தான் வேண்டும், ஆனால் எனக்கு அங்கேயே நின்று அழுகைதான் வந்தது. அந்த ரப்பரை மாற்ற ஆனது 14 டாலர்.

முதல் ஒர்க்‌ஷாப்பின் மூலையிலேயே புகை அடித்து லீக் பார்க்கும் மெஷின் ஹோஸைச் சுருட்டி வைத்தபடி நின்றது. காற்று உள்ளே போகும் இன்டேக்கில் புகையை விட்டிருந்தால் ஓட்டை எங்கே என்று அதுவே காட்டியிருக்கும். பத்து நிமிஷ வேலை! 140 டாலர் எதற்கு வாங்கினீர்கள்?

எனக்கு இன்னொரு கார் இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. அன்று என் பக்கத்தில் காத்திருந்தவர் அப்படி இல்லை. பழைய பிக்கப்பில் புல்வெட்டும் மெஷின் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வண்டி நின்றால் அன்றைய கூலி போச்சு. அவரிடமும் எஸ்டிமேட் தாளை நீட்டிவிட்டு, "இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்கு வித்துடலாம்" என்று வெகு சாதாரணமாகச் சொன்னார்கள். அவர் அந்தத் தாளை மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் வண்டியையாவது பானெட் திறந்து பார்த்தார்களா?

கழற்றிய சாமானைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்திருந்தேன். போன சனிக்கிழமை அந்தப் பழைய காயில் எட்டையும் திரும்ப மாட்டி, ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றினேன். எந்தச் சிக்னலிலும் முள் 700ஐ விட்டு அசையவில்லை.