சிஸ்டத்தின் பைத்தானில் கை வைக்காதீர்கள்

நிரல்மொழியான பைத்தானுக்கு 3.9-லிருந்து ஆண்டுக்கொரு பதிப்பு என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு அக்டோபரிலும் புதுசு வரும், கூடவே "அப்டேட் பண்ணேன், இப்ப டெர்மினலே திறக்க மாட்டேங்குது" என்று யாராவது வந்து நிற்பார்கள். பெரும்பாலும் உபுண்டு லினக்ஸ்காரர்கள்.

என்ன செய்தீர்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் பைத்தான்3 என்று அடித்தால் பழைய பதிப்பே வருகிறதே என்று, சிஸ்டம் வைத்திருக்கும் சிம்லிங்க்கை (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) புதியதன் பக்கம் திருப்பியிருப்பார்கள். உபுண்டுவில் க்னோம் டெர்மினலைக் கிளப்பிவிடுவதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான். அதற்கு வேண்டிய லைப்ரரி பழைய பதிப்புக்கென்று கம்பைல் செய்யப்பட்டது. புதியதற்கு அது கிடைக்காது. ஐகானை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, ஒரு எரர் கூட வராது. மென்பொருள்களை நிறுவித் தரும் ஆப்ட் வேறு 'ஆப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லை' என்று முரண்டு பிடிக்கும்.

ஓஎஸ்ஸோடு வரும் பைத்தான் நமக்காக வைத்ததே இல்லை. அது ஓஎஸ் தன் சொந்த வேலைக்கு வைத்திருப்பது. அதை அப்டேட் செய்வதும் அதன் பாடு. நமக்கு 3.13 வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாகப் போட்டுக்கொள்வதுதான் முறை.

2022 மார்ச்சில் மேக்ஓஎஸ் 12.3 வந்தபோது ஆப்பிள் பைத்தான் 2.7-ஐத் தூக்கிவிட்டது. திட்டாத ஆளில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது. 2.7-இன் ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்த கதை. 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தபோதே, ஓஎஸ்ஸோடு வரும் இந்த மாதிரி மொழிகளை இனி நம்பாதீர்கள் என்று எழுதியும் வைத்திருந்தார்கள். (பெரிய பதிப்புக்குக் காத்திராமல் நடுவில் தூக்கியது மட்டும் கொஞ்சம் அடாவடி.)

இன்னொரு லினக்ஸான டெபியன் 12-உம் இந்த வழிக்குத்தான் வந்தது. சிஸ்டம் பைத்தானில், பேக்கேஜ்களை ஏற்றும் பிப்பைக் கூப்பிட்டு பிப் இன்ஸ்டால் அடித்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' (இதை நிர்வகிப்பது வேறு ஆள்) என்று மறுத்துவிடும். உடனே நம் ஆட்கள் தேடிப்பிடித்து 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' ஆப்ஷனைச் சேர்க்கிறார்கள். சிஸ்டத்தை உடைப்பேன் என்று பேரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே ஐயா!

விண்டோஸில் இந்தத் தலைவலி இல்லை, ஓஎஸ் பைத்தானை நம்பியில்லை. அங்கே குழப்பம் வேறு: 3.12-உம் 3.13-உம் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், பிப் எதில் கொண்டுபோய்ப் போட்டது என்று தெரியாது. 'பை -3.13 -எம் பிப்' என்று பதிப்பைச் சொல்லியே கூப்பிட்டால் தீர்ந்தது.

அப்புறம் வென்வ், அதாவது ஒரு புராஜெக்ட்டுக்கென்று தனியாக ஒதுக்கும் பைத்தான் சூழல். அது எந்தப் பைத்தானிலிருந்து உருவானதோ அதையே சுட்டிக்கொண்டிருக்கும். பழையதை நீக்கினால் வென்வும் படுத்துவிடும். அதைத் தூக்கி நிறுத்தப் பாடுபடாதீர்கள். ஃபோல்டரை அழித்துவிட்டு, புதிய பதிப்பில் இன்னொன்று உருவாக்கி, வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுங்கள். ஏதாவது பழைய பேக்கேஜ் அடம்பிடித்தால், 3.12-இல் நீக்கப்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸை (பேக்கேஜ்களைக் கட்டி நிறுவும் பழைய மாட்யூல்) அது தேடுகிறதா என்று முதலில் பாருங்கள். வென்வை அழிக்கப் பயமாக இருக்கிறது என்றால், உங்களிடம் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு இல்லை என்று அர்த்தம். அதை இன்றைக்கே எழுதி வையுங்கள், அப்டேட் அப்புறம்.