ஆங்கில ஒலியில் பார்த்தால் பாதிதான் பார்த்தீர்கள்

"ஐரோப்பியப் படமா? ஒருவர் ஜன்னல் வழியாக அரை மணி நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அதுதானே?" என்று கேட்டார் அலுவலக நண்பர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திரைப்பட விழா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் என்னைப் போன்றவர்கள்தான் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தோம். ஐரோப்பியப் படம் என்று ஒற்றைச் சரக்கு எதுவும் கிடையாது என்பது என் கட்சி. அங்கே இருப்பவை மொழிகள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நடை, ஒரு கோபம், ஒரு நகைச்சுவை.

அதே நண்பர் சென்ற மாதம் 'ஹின்டர்லேண்ட்' பார்த்து முடித்துவிட்டு, "நல்ல இங்கிலீஷ் தொடர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அது பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டுத் தொடர். அபெரிஸ்த்வித் என்ற கடலோர ஊரைச் சுற்றி நடக்கும் கொலை விசாரணைகள். 2013-இல் முதலில் ஒளிபரப்பானது அந்நாட்டின் சொந்த மொழியான வெல்ஷ் வடிவம்தான். அதன் தலைப்புக்கு அந்தி இருள் என்று பொருள். ஒவ்வொரு காட்சியையும் அதே நடிகர்களை வைத்து வெல்ஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என இரண்டு தடவை எடுத்தார்கள். அழுகிற காட்சியென்றால் இரண்டு முறை அழ வேண்டும். சம்பளம் இரட்டிப்பா என்பதை நான் விசாரிக்கவில்லை.

வெல்ஷ் வடிவத்தை ஒளிபரப்பிய எஸ்4சி தொலைக்காட்சி பிறந்த கதை நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும். வெல்ஷுக்குத் தனி அலைவரிசை தருவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சரின் பிரிட்டன் அரசு, பிறகு பின்வாங்கியது. வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளெய்ட் கம்ரியின் மூத்த தலைவர் குவின்ஃபோர் எவன்ஸ் 1980-இல் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்குவதற்கு முன்பே அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பரில் அலைவரிசை வந்தது. அந்த அறிவிப்பு வந்திராவிட்டால் 'ஹின்டர்லேண்ட்' துப்பறிவாளர் வெல்ஷில் ஒரு வார்த்தை பேசியிருப்பாரா?

மொழியே கதையாகிவிட்ட தொடரும் உண்டு. 2011-இல் வந்த 'தி பிரிட்ஜ்'. டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் பாலத்தின் நடுவே, சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஒரு பெண்ணின் பிணம் கிடக்கிறது. தூக்கினால் இடுப்போடு இரண்டாகப் பிரிகிறது. மேல்பாதி ஒருத்தி, கீழ்பாதி வேறொருத்தி. இரு நாட்டுக் காவல்துறையும் சேர்ந்தே ஆக வேண்டும். சுவீடன் அதிகாரி சாகா தன் மொழியில் பேச, டென்மார்க் அதிகாரி மார்ட்டின் தன் மொழியில் பதில் சொல்கிறார். இருவரையும் ஒரே ஆங்கிலத்தில் பேசவைத்துவிட்டால் அந்தப் பாலத்துக்கே வேலை இல்லை.

டப்பிங் மேல் இருக்கும் கோபத்தில் போலந்தை மறந்துவிடக் கூடாது. அங்கே தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் ஓடினால், மூல ஒலியின் மேல் ஒரே ஒருவர், பெரும்பாலும் ஆண், எல்லாருடைய வசனத்தையும் உணர்ச்சியே இல்லாமல் வாசித்துக்கொண்டு போவார். கதாநாயகிக்கும் அவர்தான், குழந்தைக்கும் அவர்தான், வில்லனுக்கும் அவர்தான். விழாப் பைத்தியங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'டெக்கலாக்' அதே நாட்டில் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டதுதான். வார்சாவின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, பத்துக் கதைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சின்னத்திரை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இதெல்லாம் தானாக முளைத்ததில்லை. பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலிருந்தும் சுமார் 10.7 சதவீதம் திரைத்துறை நிதிக்குப் போகிறது. ஹாலிவுட் படத்துக்கு வாங்கிய டிக்கெட்டும் இதில் அடக்கம். ஓடிடி தளங்களின் பட்டியலில் குறைந்தது 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்புகள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் விதி போட்டது. இப்படிக் கிடைக்கும் பணத்தில் சவசவ என்ற படங்களும் வரத்தான் செய்கின்றன, மறுக்கவில்லை. நான்கு நாட்டுப் பணம், நான்கு நாட்டு நடிகர்கள், எல்லாரும் ஒட்டாத ஆங்கிலத்தில் பேசும் கூட்டுத் தயாரிப்புகளை அங்கேயே 'யூரோ புட்டிங்' என்று கிண்டல் செய்கிறார்கள். நான் உட்கார்ந்து பார்த்துத் தூங்கிப்போனவை பெரும்பாலும் அந்த ரகம்தான்.

நண்பரிடம் கடைசியாக 'தீபன்' பற்றிச் சொன்னேன். 2015-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது பெற்ற பிரெஞ்சுப் படம், இயக்குநர் ழாக் ஓதியார். போர் முடிந்த இலங்கையிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும் சிறுமியையும் தன் குடும்பம் என்று காட்டி பிரான்சுக்குத் தப்பும் முன்னாள் போராளியின் கதை. எழுத்தாளர் ஷோபாசக்தியும் காளீஸ்வரி சீனிவாசனும் பெரும்பகுதி தமிழிலேயே பேசுகிறார்கள். பாரிஸ் பார்வையாளர்கள் சப்டைட்டிலைப் படித்துத்தான் அவர்களைப் புரிந்துகொண்டார்கள்.

"அதையும் இங்கிலீஷில் பார்க்கலாமா?" என்றார் நண்பர். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.