மாமாவின் வலது கை

தங்கச்சிமடத்தில் என் மாமாவுக்கு இரண்டு வருடம் முன்பு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாற்பது வருடம் கடலுக்குப் போன கை. ராமநாதபுரம் கொண்டுபோய், அங்கிருந்து மதுரை போய், எப்படியோ உயிரோடு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று, "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். எப்படிப் பார்ப்பதென்று யாரும் சொல்லவில்லை. புறா ரத்தம் தேய்க்கச் சொல்லத்தான் ஊரில் ஆள் இருந்தது. மூன்று மாதம் கட்டிலிலேயே போய், தோள் இறுகிவிட்டது. பயிற்சிக்கு மூளை நன்றாக இடம்கொடுக்கும் காலமே அந்த முதல் மாதங்கள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படி முடங்கியவர்களைப் பயிற்சி கொடுத்து மறுபடி நடமாட வைக்கும் மறுவாழ்வு மருத்துவம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நியூயார்க்கில் இந்தத் துறையைப் படித்துவந்து வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் வளர்த்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமே திறந்தார்கள். சென்னை கே.கே.நகரில் அரசு நிலையம் இருக்கிறது. சரி, வேலூர் எங்கே, பாம்பன் பாலம் தாண்டிக் கிடக்கும் நாங்கள் எங்கே?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் என்றாலே எல்லோரும் சுகர், பிரஷர் மாத்திரையைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அதில் பெரிய விஷயம் வீடு தேடி வரும் பிசியோதெரபி. எங்கள் வீட்டுக்கு வந்த பெண் முதல் நாள் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த முறை மூலையில் கிடந்த வலையைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எப்படிப் பின்றதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்களேன்" என்றார். மாமா இடது கையில் ஊசியை எடுத்தார். வலையை இழுத்துப் பிடிக்க வலது கை வந்தே ஆகவேண்டும். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். முக்கால் மணி நேரம் அந்தக் கை வேலை செய்தது.

ஆனால் அந்தப் பெண் மறுபடி வர நாளாகும். ஒரு ஆள் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்? தினமும் செய்யவேண்டிய பயிற்சியை எப்போதாவது வந்து காட்டிவிட்டுப் போனால் எப்படி ஒட்டும்? ராமநாதபுரத்துக்கு 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்தது, சந்தோஷம்தான். அதோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினமும் உட்காரும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்பதுதான் என் கட்சி. மறுவாழ்வு சேவை ஆரம்ப சுகாதார மட்டத்திலேயே கிடைக்கவேண்டும் என்று உலக சுகாதார சபையும் 2023-இல் தீர்மானம் போட்டிருக்கிறது.

அப்புறம் மாமாவின் சக்கர நாற்காலி. மணலில் ஒரு அடி நகராது. அத்தை அதில் துணி காயப்போடுகிறார், நான் குறை சொல்லமாட்டேன். வாசலில் இருந்து ரோடு வரை நாலு சிமெண்ட் பலகை போட்டிருந்தால் மாமா அந்த வருடமே கோயிலுக்குப் போயிருப்பார்.

இப்போது கைத்தடி ஊன்றிக் கரை வரை போகிறார். கடலுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் கிழிந்த வலையைச் சரிசெய்து கூலி வாங்குகிறார். எவ்வளவு என்று அத்தையிடம் மட்டும் சொல்வதில்லை.